மரம் தூங்கப் போகும் நேரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நீர்வண்ண ஓவியம் மாட்டியிருக்கிறோம். ஒன்றேகால் அடி அகலம், ஒரு அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "எந்த ஊர்த் தோட்டம்?" என்று கேட்பார்கள். "உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்" என்பேன். கேட்டவர் ஐம்பதைத் தாண்டிய சென்னைக்காரர் என்றால் உடனே எழுந்து கிட்டே போவார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். அப்புறம் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஓட்டலே இல்லையே சார் இதுல?"

நானும் அதையேதான் கேட்டேன். 2009-ல், இதை வரைந்தவரிடமே.

படத்தில் முக்கால்வாசி இடத்தை மரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தூங்குமூஞ்சி மரம். அதன் குடை இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்துக்கு வெளியேயும் போகிறது. கீழே நீலமும் பழுப்பும் கலந்த நிழல். நிழலுக்குள் மூன்று கார்கள். ஒன்று அம்பாசிடர், ஒன்று பத்மினி, மூன்றாவதற்கு முதுகு மட்டும் தெரிகிறது. பத்மினியின் கதவில் ஒரு தட்டு மாட்டியிருக்கிறது. வலது மூலையில் கூரையின் ஓரமும் ஒரு தூணும். தூணை ஒட்டி ஒரு மேஜை. மேஜையில் ஒரு டம்ளர், அதன் மேல் டபராவைக் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள். நாற்காலியில் ஆள் இல்லை. படம் முழுவதிலும் ஒரே ஒரு மனிதர்தான்: தோளில் துண்டோடு முதுகைக் காட்டி நடந்துபோகும் சர்வர். பெயர்ப்பலகை இல்லை. நுழைவாயில் இல்லை. கதீட்ரல் சாலை இல்லை.

அந்த இடத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணராவ், 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். பிறகு இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962-ல் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில் டிரைவ்-இன். அந்தச் சங்கம் 1835-ல் தொடங்கியது. ஆக, ஓட்டல் வருவதற்கு நூறு வருடம் முன்பே அந்தப் பக்கத்தில் செடி கொடி வளர்க்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கிருஷ்ணராவ் செய்த பெரிய புத்திசாலித்தனம், மரங்களைச் சுற்றி ஓட்டலை அமைத்ததுதான் என்று எனக்குத் தோன்றும். நீங்கள் காரை உள்ளே கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்தலாம். சர்வர் வந்து கேட்டுப் போவார். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்தால் அதன் விளிம்பில் ஒரு தட்டைக் கொக்கிபோட்டு மாட்டுவார். நெய் ரோஸ்ட், சன்னா பட்டூரா, காபி எல்லாம் அந்தத் தட்டில் வரும். கார் இல்லாதவர்களுக்குத் திறந்த கூடம். பக்கச்சுவர் இல்லாததால் கூடத்தில் உட்கார்ந்தாலும் மரத்தடியில் உட்கார்ந்த மாதிரிதான்.

எங்களுக்கு ஏது கார்? நாங்கள் மெடிக்கல் ரெப்கள். கையில் இரண்டு சக்கர வண்டி, கால்களுக்கு நடுவே சாம்பிளும் விளம்பர அட்டையும் திணித்த கறுப்புப் பை, கழுத்தில் டை. 1991-ல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சீனியர் ஒருவர் என்னை டிரைவ்-இன்னுக்குக் கூட்டிப்போய், "இதுதான் தம்பி நம்ம ஆபீஸ்" என்றார். அவர் சொன்னது உண்மை. எங்கள் வேலையில் பகல் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். காலையில் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களைப் பார்ப்போம். மாலை ஐந்தரை, ஆறுக்கு மேல் கிளினிக்குகள். நடுவில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை போக்கிடம் கிடையாது. வீடு அண்ணாநகரிலோ தாம்பரத்திலோ இருக்கும். போய் வந்தால் பெட்ரோலுக்குக் கட்டாது. மே மாத வெயிலில் டையும் ஷூவுமாக எங்கே நிற்பது? சென்னையின் நடுமத்தியில், மரத்தடியில், ஒரு காபி விலைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. அங்கேதான் அன்றன்றைய டி.சி.ஆர்., அதாவது யார் யாரைப் பார்த்தோம் என்று கம்பெனிக்குக் கொடுக்கும் தினசரி அறிக்கையை, எழுதுவோம். எந்த டாக்டர் ஊரில் இல்லை, எந்தக் கடையில் யாருடைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது, எங்கே வேலை காலி என்பதெல்லாம் அந்த மேஜைகளில்தான் தெரியவரும். எதிரெதிர்க் கம்பெனிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒன் பை டூ காபி குடிப்போம். ஒரே டாக்டரிடம் ஒரே மாதிரி மருந்தை எழுதச் சொல்லிக் கேட்க, ஒருவர் பின் ஒருவராக ஒரே சாயங்காலம் போவோம்.

நாங்கள் மட்டும் இல்லை. எல்.ஐ.சி. முகவர்கள், நிலத் தரகர்கள், கச்சேரி முடித்து வருகிறவர்கள், கதை சொல்ல வந்த உதவி இயக்குநர்கள், எதிர்ப்பக்கத்துக் கல்லூரிப் பெண்கள், பெண் பார்க்க வந்து அசடு வழிய உட்கார்ந்திருக்கும் இரண்டு குடும்பங்கள். காபி நல்ல காபிதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் நல்ல காபிக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. உட்கார்ந்தவனை எழுந்திரு என்று சொல்லாத இடத்துக்குத்தான் பஞ்சம். பில்லை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிற பழக்கம் டிரைவ்-இன் சர்வர்களிடம் இருந்ததில்லை. தண்ணீர் டம்ளரைக் கேட்காமலே நிரப்பிவிட்டுப் போவார்கள்.

அங்கே உட்கார்ந்து படம் வரைந்தவர்தான் மாஸ்டர்.

மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர். 1850-ல் தொடங்கிய எழும்பூர் ஓவியக் கல்லூரியில், அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தில், படித்தவர். பெயரைப் போட்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் இங்கேயும் மாஸ்டர் என்றே சொல்கிறேன். ஓட்டலில் 'மாஸ்டர்' என்றால் சமையல் மாஸ்டரும் உண்டு அல்லவா? யாராவது "மாஸ்டர்!" என்று குரல் கொடுத்தால் அடுக்களைப் பக்கமிருந்து ஒரு தலையும் தூணடியிலிருந்து ஒரு தலையும் திரும்பும். பள்ளி முடிந்து நாலரை மணிக்கு சைக்கிளில் வருவார். ஒரு காபி சொல்வார். ஜோல்னாப் பையிலிருந்து தாள் அட்டை, பழைய பிஸ்கட் டப்பாவில் ட்யூப்கள், மூன்றே தூரிகைகள். தூரிகை கழுவத் தண்ணீர் வேண்டும். அதற்காகச் சர்வர் ஒருவர் நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அலமாரியின் மேல்தட்டில் தனியாக எடுத்து வைத்திருப்பார். அது தவறிப்போய் வாடிக்கையாளர் யாருக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக அதன் அடியில் சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி. மாஸ்டர் வந்து உட்கார்ந்ததும் காபிக்கு முன்னால் அந்த டம்ளர் வரும். எத்தனை வருடம் இது நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் பார்த்தே பத்து வருடத்துக்கு மேல்.

அவர் வருகிற நேரம் நாங்கள் கிளம்புகிற நேரம். அதனால் நடுவில் அரைமணி நேரந்தான் பழக்கம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவர் தடுத்ததில்லை. கறுப்பு ட்யூப் அவர் டப்பாவில் இருக்கும். ஆனால் திறந்து பார்த்ததில்லை. நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் தாளிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிடுவார். இரண்டும் ஈரத்தோடு கலந்து, ஓர் இடத்தில் நீலமாகவும் பக்கத்திலேயே காவியாகவும் காயும். "நெழல்ல எல்லாக் கலரும் இருக்கு தம்பி. கறுப்பப் போட்டா அதுக்குள்ள எதுவும் இருக்காது" என்றார் ஒருமுறை.

வெள்ளையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மறக்காதது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியே பூசுவது கிடையாது. தாளின் வெள்ளைதான் வெளிச்சம். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் முதலிலேயே விட்டுவிட வேண்டும். ஒருமுறை பூசிவிட்டால் அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஈரத் தூரிகையால் ஒற்றியெடுத்தாலும் தாள் அழுக்கு வெள்ளையாகத்தான் வரும். பத்மினியின் கதவில் மாட்டிய தட்டு என்று சொன்னேனே, அதைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அங்கே எதுவுமே வரையப்படவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாய்சதுரம், வெறும் தாள். சுற்றிலும் காரின் பச்சையும் நிழலின் நீலமும் வந்து நிற்பதால் அது எவர்சில்வர் தட்டாகி, இலைகளுக்கு நடுவே இறங்கிய ஒரு துண்டு வெயிலை வாங்கி மின்னுகிறது. பன்னிரண்டு அடி தள்ளி நின்றாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

2008-ல் டிரைவ்-இன் மூடியது. நிலம் அரசுக்குச் சொந்தமானது. வழக்கு பல வருடம் நடந்தது. கடைசியில் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா எழுந்து, 2010 நவம்பர் 24 அன்று அன்றைய முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சென்னை மாதிரி ஊரின் நடுவில் இருபது ஏக்கர் பசுமை எல்லோருக்கும் கிடைப்பது நல்ல காரியம்தான். மரங்களில் பலவற்றை வெட்டாமல் விட்டுவைத்தார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம் நான் போகவில்லை. அப்போது வேறு வேலை, வேறு ஊர்ப் பொறுப்பு. கடைசி நாட்களில் பழைய ஆட்கள் கூட்டங்கூட்டமாகப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தார்கள். போகாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்தில் மாஸ்டரைப் பார்த்தேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். "டிரைவ்-இன்ன வரஞ்சது ஏதாவது இருக்கா மாஸ்டர்?" என்று கேட்டேன். வீட்டுக்கு வரச் சொன்னார். பழைய நோட்டுகளில் பென்சில் கோட்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைப் பார்த்து, மூடிய பிறகு அவர் உட்கார்ந்து வரைந்த பெரிய நீர்வண்ணம் இது ஒன்றுதான். எடுத்து மேஜையில் வைத்தார். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எதிர்பார்த்தது பலகையும் வாசலும் கூட்டமும். என் பெண்ணுக்கு, பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு, 'இதுதான் டிரைவ்-இன்' என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்று.

"ஓட்டலே இல்லையே மாஸ்டர்?"

அவர் கோபப்படவில்லை. "நீங்க அங்க உக்காந்திருக்கும்போது உங்க கண்ணுக்கு பலகை தெரியுமா தம்பி?" என்றார்.

தெரியாது. பலகை சாலையில் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் சாலையில் போனவர்கள். உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்தது மரம், நிழல், எதிரே நிற்கும் காரின் பக்கவாட்டு, சர்வரின் முதுகு. 1991-லிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் அப்படியே வரைந்து வைத்திருந்தார். நான் கேட்டதோ, நான் பார்க்காத ஒன்றை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இப்போது பழைய ஓட்டல்களை வரைகிறவர்கள் நிறையப் பேர். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் முகப்பைத்தான் வரைகிறார்கள். பழைய எழுத்தில் பெயர்ப்பலகை, வாசலில் ஒரு சைக்கிள், முழுப்படத்துக்கும் ஒரு பழுப்பு வண்ணம். அது கோப்பையிலும் காந்த வில்லையிலும் அச்சாகிறது. கட்டடமே பொக்கிஷமாக இருக்கிற இடங்களுக்கு முகப்பு வேண்டும்தான். மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த மனோகர் தேவதாஸ், ரெடினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்த காலத்திலும், பழைய கட்டடங்களைக் கல் கல்லாக, மையும் பேனாவுமாகக் கோடு கோடாக வரைந்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கோடுகள் இல்லையென்றால் சில கட்டடங்களின் ஜன்னல் வளைவு எப்படி இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. டிரைவ்-இன் அந்த வகை இல்லை. கட்டடம் என்று பார்த்தால் ஒரு கூரை, சில தூண்கள். யாரும் அதை அழகு என்று சொன்னதில்லை. அதன் முகப்பை வரைந்து வைத்தால், நாங்கள் எதற்காக அங்கே கிடந்தோம் என்பது படத்துக்கு வெளியே போய்விடும். மாஸ்டர் தன் தாளில் முக்கால்வாசியை மரத்துக்குக் கொடுத்தது ஏன் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

படத்தை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்ன விலை குறைவு. கூடக் கொடுக்கப் போனபோது முறைத்தார். வீட்டுக்கு எடுத்துவந்து அவசரத்தில் பக்கத்துத் தெருக் கடையில் சட்டம் போட்டேன். மவுண்ட் அட்டை வைக்காமல் கண்ணாடியைத் தாள்மேலேயே ஒட்டவைத்துப் போட்டுவிட்டார்கள். கேட்டு வாங்காதது என் தப்பு. சென்னை ஈரத்துக்கு இரண்டே மழைக்காலத்தில் கீழ் ஓரத்தில் மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். பதறிப்போய் மாஸ்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரே பிரித்து, காயவைத்து, சுற்றிலும் இரண்டு அங்குல மவுண்ட் வைத்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். புள்ளிகள் போகவில்லை. "தரையில உதிர்ந்த பூன்னு நெனச்சுக்கங்க" என்றார். தூங்குமூஞ்சிப் பூ, பவுடர் பூசுகிற பஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக உதிர்ந்து கிடக்கும். அன்றிலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அந்த முறைதான் நெடுநாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டேன். மரத்தின் இடதுபக்கம் இலை அடர்த்தி குறைவாக இருக்கும். நடுநடுவே வெளிறிய ஆரஞ்சு வானம் தெரியும். வலதுபக்கம் மாதிரி அதை ஏன் முடிக்காமல் விட்டார்?

"முடிச்சிருக்கேன் தம்பி. மரம் தூங்கப் போற நேரம் அது."

தூங்குமூஞ்சி என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து சொல்கிறோம். நான் அந்த மரத்தடியில் ஆயிரம் மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன். அது தூங்கி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மாஸ்டர்தான் விளக்கினார். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் முட்டி மாதிரி ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. பொழுது சாயும்போது அதற்குள் இருக்கும் நீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும். ஒரு பக்கம் தளர, இலை மடிந்து தொங்கும். மழை மேகம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மடியும். பகலெல்லாம் குடையாக நின்ற மரம் அந்த வேளையில் சல்லடையாகிவிடும். மேலே வானம் திறக்கும். மரம் முழுக்க ஒரே நொடியில் மடிவதில்லை, ஓரம் ஓரமாக மடியும். அவர் வரைந்தது அந்தப் பாதி மடிந்த நிலையை. ஐந்தே முக்கால், ஆறு மணி இருக்கும் என்றார்.

நாங்கள் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவோம். பையைத் தூக்கி, டையை இழுத்துச் சரிசெய்து, கோபாலபுரத்துக்கோ மயிலாப்பூருக்கோ கிளம்பிவிடுவோம். ஆக, அவர் வரைந்தது நாங்கள் போன பிறகு இருந்த டிரைவ்-இன்.

ஒரே ஒரு நாள் நான் அந்த நேரத்தில் அங்கே இருந்தேன். 1993 என்று நினைவு. மாதக் கடைசி. டார்கெட்டில் பாதிகூட வரவில்லை. மேலாளர் அந்த மேஜையிலேயே என் ரிப்போர்ட் புத்தகத்தைத் தூக்கி வீசிவிட்டு, நாளை ராஜினாமாக் கடிதத்தோடு வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுற்றிலும் தெரிந்த முகங்கள். யாரும் என்னைப் பார்க்காதது மாதிரி இருந்தார்கள். அது அவர்கள் செய்த மரியாதை. ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். எனக்குக் கால் வரவில்லை. நான் முகம் கழுவக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது மேஜை காலி. என் இடத்துக்கு நேராக ஒரு காபி, டபராவைக் கவிழ்த்து மூடி. போட்டிக் கம்பெனியில் இருந்த நண்பன் சொல்லிவிட்டு, காசும் கொடுத்துவிட்டு, கிளினிக்குக்குப் போயிருக்கிறான். திறந்தபோது சூடு அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சர்வர் தண்ணீர் வைத்தார், விளக்குப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் எங்கோ தூணடியில் இருந்திருக்க வேண்டும். மரத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. (ராஜினாமா செய்யவில்லை. மறுநாள் மேலாளரே அதைப் பற்றிப் பேசவில்லை.)

அதனால் படத்தில் அந்த மூடிய டம்ளரை முதலில் பார்த்தபோதே எனக்குள் ஒன்று தட்டியது. சட்டம் மாற்றப் போன அன்று கேட்டுவிட்டேன். "மாஸ்டர், இந்தக் காபி… தொண்ணூத்தி மூணுல ஒரு நாள் சாயங்காலம் நான் தனியா உக்காந்திருந்தேன். அதப் பாத்து வரஞ்சதா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். இல்லை என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. "அப்படி இல்ல தம்பி. அங்க தெனம் யாராவது ஒருத்தர் இன்னொருத்தருக்குக் காபிய மூடி வச்சிட்டுத்தான் போனாங்க. என் நோட்டுல அது மட்டுமே இருபது முப்பது இருக்கும்" என்றார். நோட்டுகளை எடுத்துக் காட்டவும் செய்தார். தூணடி மேஜை, குழாயடி மேஜை, கார் தட்டில் ஒன்று. கவிழ்த்த டபராக்கள். சிலவற்றின் பக்கத்தில் ஒரு கைக்குட்டை, ஒரு சாவிக்கொத்து, ஒரு மடித்த செய்தித்தாள். எதிலும் ஆள் இல்லை.

மாஸ்டர் இப்போது இல்லை. நோட்டுகளை அவர் மகன் வைத்திருக்கிறார், பத்திரமாக.

போன மாசி மாதம் அந்த நண்பன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேலையாக வந்திருந்தான். படத்தைச் செல்பேசியில் பலமுறை அனுப்பியிருக்கிறேன், நேரில் பார்ப்பது முதல்முறை. எட்ட நின்று பார்த்தான், கிட்டப் போய்ப் பார்த்தான். மூடிய டம்ளரைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை. தொண்ணூற்று மூன்றில் செய்தது அவனுக்கு நினைவே இல்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. "டேய், அந்த சர்வர் நடக்கறதப் பாரு, வலது கால சாய்ச்சு சாய்ச்சு. நம்ம ஆளுடா" என்றான். பதினைந்து வருடம் அதைத் தினமும் பார்த்தவன் நான். இரண்டு தூரிகைத் தீற்றல்தான் அந்தக் கால்கள். அவன் சொன்ன பிறகு பார்த்தால், ஆமாம், வலது தீற்றல் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கிறது. நமக்குத் தண்ணீர் நிரப்பியவர், மாஸ்டரின் டம்ளரை அலமாரியில் எடுத்து வைத்தவர், அவரேதான். வலது கால் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

"வா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

சீட்டு வாங்கிக்கொண்டு செம்மொழிப் பூங்காவுக்குள் போனபோது மணி ஐந்தரை இருக்கும். செயற்கை அருவி, குளம், பூச்செடிகள், படம் எடுத்துக்கொள்ளும் இளம் ஜோடிகள், ஓடித் திரியும் பிள்ளைகள். கூடம் எங்கே இருந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் இரண்டு இடத்தைக் காட்டினோம். செல்பேசியில் இருந்த படத்தை வைத்துக்கொண்டு தேடினோம். கூரையும் தூணும் இல்லாததால் அவற்றை வைத்துப் பிடிக்க முடியாது. மரத்தின் கிளை எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாஸ்டர் அதைச் சரியாக வரைந்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கவை, அதில் இடதுபக்கக் கிளை மட்டும் தாழ்ந்து வந்து மறுபடி மேலே ஏறும். இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு பெரிய மரத்தின் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பேசிக்கொண்டிருந்தோம். அவன் பிள்ளை வேலைக்குச் சேர்ந்த கதை, என் முட்டி வலி, இறந்துபோன இரண்டு ரெப்கள். கதீட்ரல் சாலையில் ஹாரன் சத்தம். அப்புறம் அவன் என் கையைத் தட்டி மேலே காட்டினான். கிழக்குப் பக்கத்துக் கிளைகளில் ஓர் ஓரமாக இலைகள் தொங்க ஆரம்பித்திருந்தன. பத்து நிமிடத்துக்கு முன்னால் பச்சையாக மூடியிருந்த இடத்தில் வானம் தெரிந்தது, அவர் பூசியிருந்த அதே வெளிறிய ஆரஞ்சு. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம். நடுக்கிளை மடிந்தது. மேற்குப் பக்கம் இன்னும் விழித்திருந்தது.

அதுவும் மடியட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். அதற்குள் காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார், நேரமாச்சு சார், எழுந்திருங்க என்று.